இருபதே நிமிடத்தில் இரவுச் சாப்பாடு

தகப்பன்மார் பல வகை. அதட்டுகிற தகப்பன், கொஞ்சுகிற தகப்பன், பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்றால் மட்டும் காய்ச்சல் வந்து படுத்துவிடுகிற தகப்பன். இவர்களைப் பற்றியெல்லாம் ஏற்கெனவே ஆளாளுக்கு எழுதித் தள்ளிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது எங்கள் லுசாக்காவில் சமீப காலமாக மழைக்கால ஈசல்போலப் பெருகியிருக்கும் ஒரு புது இனம். தோளில் கைத்துண்டு, கையில் சின்னக் கரண்டி, முகத்தில் பிச்சை கேட்கும் பாவனை. இவர்தான் சாப்பிடாத பிள்ளையின் அப்பா.

மாதிரிக்கு ஒருவரைப் பார்க்கலாம். சிலெஞ்சேப் பேட்டையில் குடியிருக்கும் கசூபா, ஒரு பேருந்துக் கம்பெனியில் கால அட்டவணை போடுகிறவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று அழகாகக் கோடு போட்டு எழுதுவது அவர் வேலை. வண்டி அந்த நேரத்துக்குக் கிளம்புமா என்று நீங்கள் கேட்கக் கூடாது, அவரும் கேட்டதில்லை. மனைவி சிசெங்கா தையல் கடை வைத்திருக்கிறார், ஆறரைக்கு முன்னால் வீடு திரும்ப முடியாது. ஆகவே இரவுச் சமையல் கசூபாவின் பொறுப்பு. சாப்பிட வேண்டியவள் பூப்பே, வயது நான்கு. சாப்பிட மாட்டேன் என்பது அவள் பொறுப்பு.

இந்த இனத்தின் முதல் அடையாளம், செல்போன் நிறைய சமையல் குறிப்பு. "குழந்தைகள் விரும்பும் எளிய இரவுச் சாப்பாடு, இருபதே நிமிடத்தில்" என்று எவரோ எங்கேயோ எழுதியதை நம்பி, அதை அலுவலகத்தில் அட்டவணைத் தாளின் பின்பக்கம் நகலெடுத்து, வரும் வழியில் மூன்று கடை ஏறி இறங்கிச் சீஸ் வாங்கி, வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று முதல் வரியைப் படித்தால், "ஏற்கெனவே வேகவைத்து எலும்பு நீக்கிய கோழி இரண்டு கப்" என்று இருக்கும். கசூபா கையில் இருப்பது நாட்டுக்கோழி. எங்கள் நாட்டுக்கோழி இரண்டு மணி நேரம் கொதித்த பிறகுதான் வேகலாமா வேண்டாமா என்று யோசிக்கவே தொடங்கும். அதற்குள் மின்சாரம் போய்விடும். இருபது நிமிடம் என்று எழுதியவர் வீட்டில் மின்வெட்டு இல்லை, நாட்டுக்கோழி இல்லை, பூப்பேயும் இல்லை.

சரி, சமைத்தாயிற்று என்று வையுங்கள். பூசணிக் கீரையைப் பொடிப்பொடியாக நறுக்கி முட்டைக்குள் ஒளித்து, முட்டையை ரொட்டிக்குள் ஒளித்து, ரொட்டியைச் சிங்க முகமாக வெட்டி, நிலக்கடலையில் கண் வைத்து, கேரட்டில் பிடரிமயிர் வைத்து, மேசையில் கொண்டுவந்து வைக்கிறார். பூப்பே சிங்கத்தின் காதைத் தூக்கிப் பார்க்கிறாள். ரகசியப் போலீசுக்குக்கூட அப்படி ஒரு கண் கிடையாது.

"அப்பா, இதுல பச்சை இருக்கு."

"அது பச்சை இல்லடா கண்ணு. சிங்கம் புல்லுமேல படுத்துக்கிட்டு இருந்துச்சு, ஒட்டிக்கிச்சு."

"அப்ப சிங்கத்தைக் கழுவிட்டுக் கொண்டாங்க."

கழுவிக் கொண்டுவருவார். நிஜமாகவே கழுவிக் கொண்டுவருவார். நனைந்த சிங்கத்தை யார் தின்பார்கள்? கசூபா தின்பார். நின்றபடியே, அடுப்படி மூலையில், பொருள் வீணாகக் கூடாதே என்ற ஒரே காரணத்துக்காகத் தின்பார். இந்த இனத்தில் மெலிந்தவர் எவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் பூசணிக்காய்க் கஞ்சியை இரண்டு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மனிதர் அன்றிரவு தூங்கவில்லை, சந்தோஷம். மறுநாள் சந்தையிலிருந்து நான்கு பூசணிக்காய் வந்து இறங்கியது. புதன்கிழமை பூப்பே கஞ்சியைப் பார்த்த பார்வையில் முன்பின் அறிமுகமே இல்லை. "நேத்து சாப்பிட்டியேம்மா" என்றார் கசூபா. "நேத்து" என்றாள் பூப்பே, அதுவே பதில்போல.

இப்போது நீங்கள் கேட்கலாம், அந்தப் பிள்ளை உண்மையிலேயே பட்டினியா என்று. கசூபாவும் அந்தச் சந்தேகத்தோடுதான் அவளை சுகாதார நிலையத்துக்கு எடை போடக் கூட்டிப்போனார். அங்கே இருந்த செவிலியம்மா எடை அட்டையைப் புரட்டிக்கொண்டே விசாரித்தார்.

"நேத்து முழுக்க என்ன சாப்பிட்டா?"

"ஒண்ணுமே சாப்பிடலம்மா."

"ஒண்ணுமேவா?"

"காலையில ரெண்டு பணியாரம். அப்புறம் ஒரு வேகவெச்ச சோளக்கதிர். மத்தியானம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கொஞ்சம் சோறு, பாதி வெண்ணெய்ப் பழம். சாயங்காலம் கைப்பிடி நிலக்கடலை, ஒரு மாம்பழம். அவ்வளவுதான். வேற ஒண்ணும் சாப்பிடல."

வேறு ஊராக இருந்தால் அந்த அம்மா சிரித்திருப்பார். எங்கள் ஊர்க்காரர் ஆகையால் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப களி?"

"தொடமாட்டேங்கிறா."

"ஐயோ பாவம், அப்ப பிள்ளை சாப்பிடவே இல்லையே" என்றார் அவர். எங்கள் கணக்கு அப்படி. மக்காச்சோளக் களி வயிற்றுக்குள் போனால்தான் சாப்பாடு. மற்றதெல்லாம் சும்மா வாய்க்கு வேலை. ஒருவர் ஒரு முழுக் கோழியைச் சோற்றோடு தின்று ஏப்பம் விட்டுவிட்டு, "காலையிலேர்ந்து இன்னும் சாப்பிடல" என்று சொன்னால் நாங்கள் எல்லோரும் இரக்கப்படுவோம். அட்டையில் பூப்பேயின் எடை இருக்க வேண்டிய கோட்டிலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து இருவரும் வெகுநேரம் கவலைப்பட்டார்கள்.

இந்தச் செய்தி வடக்கே இண்டோலா நகரில் இருக்கும் கசூபாவின் அக்கா மும்பாவின் காதுக்குப் போனது. மும்பா ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். அவர் வீட்டில் ஒரே பெரிய தட்டு, அதைச் சுற்றிப் பிள்ளைகள். மெதுவாகச் சாப்பிடுகிறவன் தட்டின் அடியைத்தான் பார்ப்பான். போனில் இரண்டே வாக்கியம் பேசினார்.

"ஞாயித்துக்கிழமை வரேன், ராத்திரிச் சாப்பாடு உங்ககூடத்தான். பிள்ளை களி சாப்பிட்டா சரி, இல்லேன்னா திங்கக்கிழமை என்கூடக் கூட்டிட்டுப் போயிடுறேன், லீவு முடிஞ்சதும் பாத்துக்கலாம்."

அப்பாவின் அக்கா பிள்ளையைக் கேட்டால் எங்களில் இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது. அதுவும் "லீவு முடிஞ்சதும் பாத்துக்கலாம்" என்பது லேசான பேச்சு இல்லை. கசூபாவையே ஆறு வயதில் ஒரு விடுமுறைக்கு என்று மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினோரு வயதில்தான் திரும்பினார். மாமா நல்ல மனிதர், குறை ஒன்றும் இல்லை. ஆனால் திரும்பி வந்த அன்று, வாசலில் நின்ற சொந்த அம்மாவுக்கு விருந்தாளி மாதிரி வணக்கம் சொன்னது அவருக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. பூப்பே ஒருநாள் தனக்கு அப்படி வணக்கம் சொல்வாள் என்ற நினைப்பு அவரை விடவில்லை. அன்று அவர் போட்ட அட்டவணையில் மூன்று வண்டிகள் ஒரே நேரத்தில் ஒரே ஊருக்குக் கிளம்பின.

ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் என்ன திட்டம் போட்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? பேசாமல் களி கிண்டியிருப்பாரா? அப்படிச் செய்தால் அவர் இந்த இனமே இல்லை. களியைச் சின்னச் சின்ன முயலாகப் பிடித்து, மேலே சீஸ் தூவி, ஓவனில் வைத்துப் பொன்னிறமாக எடுப்பது திட்டம். குறிப்பில் பதினெட்டு நிமிடம் என்றுதான் போட்டிருந்தது. மதியம் இரண்டு மணிக்கே ஆரம்பித்துவிட்டார். ஐந்து மணிக்கு மும்பா வந்து இறங்கினார். ஐந்தேகாலுக்கு மின்சாரம் போயிற்று. ஓவனுக்குள் பதினாறு முயல்கள் வேகாமல் வியர்த்துக் கிடந்தன.

சிசெங்கா எழுந்து போனார். பின்கட்டில் கரி அடுப்பை மூட்டி, ஒரு பானையில் களி, ஒரு சட்டியில் கப்பெண்டா என்னும் பொடிமீன் கருவாடு தக்காளி போட்டு, இன்னொன்றில் நிலக்கடலைப் பொடி சேர்த்த பூசணிக் கீரை. கடிகாரம் பார்க்க ஆள் இல்லாததால் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. பாயை விரித்து, சொம்பும் கிண்ணமும் சுற்றி வந்து, எல்லோரும் கை கழுவினார்கள். கசூபா தோற்றுப்போன மனிதராக வந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து ஓடியாடியதில் நல்ல பசி. பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக, கையில் கரண்டி இல்லாமல், மகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தன் தட்டில் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.

இரண்டாவது கவளம் உருட்டும்போது தட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கை தெரிந்தது.

அந்தக் கை களியைக் கிள்ளியது. உருட்டியது. கட்டைவிரலால் குழி செய்து கருவாட்டுச் சாற்றில் தோய்த்தது. மேலே போயிற்று. திரும்ப வந்தது. மறுபடி கிள்ளியது. இம்முறை கீரை, நல்ல பச்சைக் கீரை. மும்பா அதைப் பார்த்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு இண்டோலாவில் தன் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சிசெங்கா கூரையைப் பற்றி அக்கறையாகக் கேள்வி கேட்டார். கேட்டுக்கொண்டே கணவரின் தொடையை அழுத்தமாகக் கிள்ளினார். அதற்கு அர்த்தம், வாயைத் திறக்காதீர்கள்.

அன்பரே, அவர் செய்ய வேண்டியிருந்தது அவ்வளவுதான். சமைக்க வேண்டாம், ஊட்ட வேண்டாம், சிங்கம் வேண்டாம். வாயை மூடிக்கொண்டு இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் பிள்ளை அவருடையது. கசூபா மகளின் மூன்றாவது கவளம் வரை பொறுத்தார். நான்காவதில் கண் கலங்கிவிட்டது. ஐந்தாவதில் செல்போனை எடுத்துவிட்டார்.

"பூப்பே, இங்க பாரு, இன்னொரு வாட்டி செய் கண்ணு. நல்லா இருக்கா? அப்பா தட்டுல என்ன சாப்பிடுறே, அத்தைகிட்ட சொல்லு. இதோ, இந்த வாய் பெரிய வாய்."

சின்னக் கை அந்தரத்தில் நின்றது. பூப்பே எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். உருண்டையைத் தட்டில் திருப்பி வைத்தாள்.

"வேணாம்" என்றாள்.

மும்பா நிதானமாகக் கை கழுவி, துடைத்து, தம்பியைப் பார்த்தார். கசூபா முந்திக்கொண்டார்.

"அக்கா, இப்பதானே சாப்பிட்டா. நாலு வாய். நீயே பாத்தே. எண்ணிக்கோ, நாலு."

"பாத்தேன். அதான் முடிவு பண்ணிட்டேன். நாளைக்குக் காலையில பஸ்ஸுக்குக் கிளம்பணும், பையைக் கட்டு."

"அவளுக்கு ராத்திரி தனியாப் படுக்கத் தெரியாதுக்கா."

"அவளை யார் கூப்பிட்டா? அவ இங்கேயே இருக்கட்டும், அவ நல்லாத்தான் சாப்பிடுறா. நீ வா. உனக்கு ரெண்டு வாரம் லீவு பாக்கி இருக்காமே, சிசெங்கா சொன்னா."

கசூபா மனைவியைப் பார்த்தார். சிசெங்கா தட்டுகளை அடுக்குவதில் மும்முரமாக இருந்தார். அக்கா கேட்டால் இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்களில் கிடையாது என்று சொன்னேன் அல்லவா? தம்பியைக் கேட்டாலும் அதே வழக்கம்தான். திங்கட்கிழமை காலை, தானே அட்டவணை போட்ட வண்டிக்காக இரண்டரை மணி நேரம் காத்திருந்து, அதில் ஏறி இண்டோலா போய்ச் சேர்ந்தார்.

மூன்றாம் நாள் மாலை வரை பொறுத்துவிட்டு மனைவிக்குப் போன் செய்தார்.

"என்ன சாப்பிட்டா?"

"களி."

"எவ்வளவு?"

"பாக்கலங்க. தச்சுக்கிட்டு இருந்தேன்."

"பாக்கலையா? பிள்ளை சாப்பிடுறதைப் பாக்காம என்ன தையல்?"

"பாக்காததாலதாங்க சாப்பிட்டா" என்றார் சிசெங்கா. எதிர்முனையில் பூப்பே கருவாடு இன்னும் வேண்டும் என்று கேட்பது தெளிவாகக் காதில் விழுந்தது. கசூபாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. சத்தியமாகச் சந்தோஷம்தான். கூடவே, தான் இல்லாமல் அந்தப் பிள்ளை சாப்பிட்டுவிட்டதே என்று நெஞ்சுக்குள் ஒரு வலியும் இருந்தது. அதை அக்காவிடம் சொல்ல முடியவில்லை, எனவே பசிக்கவில்லை என்று மட்டும் சொல்லித் தட்டைத் தள்ளி வைத்தார். மும்பா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சிறிது நேரத்தில் தட்டு காலியாகியிருந்தது.

சிரிக்கிறீர்கள். நல்லது, நீங்கள் இந்த இனமில்லை. உங்கள் வீட்டில் குறிப்பும் இல்லை, கரண்டியும் இல்லை, எல்லாம் ஒழுங்கு. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். இதைப் படிக்கும்போது நடுவில் எத்தனை முறை தலையைத் தூக்கி, அடுத்த அறையில் பிள்ளையின் தட்டு என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தீர்கள்? அங்கே சத்தம் இல்லையென்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எழுந்து போகாதீர்கள். தயவுசெய்து உட்காருங்கள்.

போய்விட்டீர்கள், இல்லையா? பரவாயில்லை, நானும் இதை எழுதி முடிப்பதற்குள் நாலு தரம் போய்விட்டு வந்தேன். எங்கள் வீட்டிலும் மகள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.