ஏழு மூட்டைப் பஞ்சுத்தூசி

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்யலாம். போதாது என்பவர்களுக்காக எங்கள் லூத்தரன் தேவாலயத்துக் காபிப் பானையைத் தொட்டும் செய்யலாம். மினசோட்டாவில் அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

ஹால்வர்சன் வீட்டுப் பின்சுவரில் சாய்த்த ஏணியின் மேல் வெண்டல் ஸ்கூக் நின்றிருந்தார். அவர் கையில் டிரில். டிரில்லின் நுனியில் நீளமான வளையும் கம்பி. கம்பியின் நுனியில் பிரஷ். பிரஷ் சுவருக்குள் எங்கோ சிக்கிக்கொண்டு அசைய மறுத்தது.

கீழே புல்தரையில் நின்ற தேர்வு அதிகாரி கார்லைல் நாஸ் அண்ணாந்து பார்த்தார். "என்ன வெண்டல், நின்னுடுச்சா?"

"இல்ல சார். யோசிக்குது."

துணி உலர்த்தும் டிரையரின் காற்றுக்குழாயைச் சுத்தம் செய்யச் சான்றிதழ் வேண்டும் என்றால் பாதிப் பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஹோட்டல் நிலவறையில் வகுப்பு, எழுத்துத் தேர்வு, பிறகு உள்பக்க வேலைக்கு ஒரு பரீட்சை, வெளிப்பக்க வேலைக்கு ஒரு பரீட்சை. இவ்வளவு கெடுபிடியில் பாதி இருந்திருந்தால் ஊர்ப் பல்வைத்தியர் வேறு தொழிலுக்குப் போயிருப்பார்.

வெண்டல் எழுத்தில் முதலாவதாக வந்தவர். உள்பக்கமும் தேறிவிட்டார். வெளிப்பக்கத்தில்தான் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தார். இது மூன்றாவது. இதுவும் போனால் சான்றிதழ் தரும் சங்கம் நிரந்தரமாகக் கதவைச் சாத்திவிடும். அவர் வேலை பார்த்த வான்கோழித் தொழிற்சாலையையும் மூடியாயிற்று. மிச்சமிருப்பது மனைவியின் தம்பி ராடி ஓட்டும் கழிவுநீர் லாரிதான். ராடி பாசக்காரன், வெண்டலின் பெயரைத் தைத்து ஒரு சட்டைகூட வாங்கி வைத்துவிட்டான்.

ஏணியில் ஏறும் முன் வெண்டல், இது தன் மூன்றாவது பரீட்சை என்பதையும் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் முறைப்படிதான் கேட்டிருந்தார்.

"ஹால்வர்சன் வீடுதானேம்மா?"

"ஆமா தம்பி, நாங்களும் ஹால்வர்சன்தான்," என்றாள் ஆர்டிஸ் அம்மாள். எழுபதைத் தாண்டியவள், மாவு படிந்த கைகள்.

"டிரையர் இப்ப ஓடுதா?"

"ஓடலையே."

"கடைசியா குழாயை எப்ப சுத்தம் பண்ணீங்க?"

"பண்ணதே இல்லியேப்பா."

"துணி காய எவ்ளோ நேரம் ஆகுது?"

"நல்ல நாளா இருந்தா ரெண்டு மணி நேரம். சில நாள் சாயங்காலம் வரைக்கும் ஈரமாவே கிடக்கும்."

கார்லைலும் வெண்டலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடைப்பு. துணிகளிலிருந்து உதிரும் பஞ்சுத்தூசி குழாயில் சேர்ந்து, பாடப்புத்தகத்தில் படம் போட்டுக் காட்டும் ரகம்.

இந்தத் தொழிலில் பெரிய பாவம் ஒன்றே ஒன்றுதான். கம்பிகள் ஒன்றோடொன்று திருகிப் பூட்டப்பட்டவை. டிரில்லை வலப்பக்கம் மட்டுமே சுற்றவேண்டும். இடப்பக்கம் சுற்றினால் பூட்டு கழன்று, பிரஷ் சுவருக்குள் குடித்தனம் போய்விடும். நிலவறை வகுப்பில் இதைக் காலையும் மாலையும் எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொன்னார்கள். வெண்டலின் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

வெண்டல் இடப்பக்கம் சுற்றினார்.

கையில் வெறும் டிரில் இருந்தது.

"இப்ப என்ன ஆச்சு?" என்றார் கார்லைல்.

"அடுத்த கட்டத்துக்குப் போறேன் சார்."

அடுத்த கட்டம் என்பது கொக்கி மாட்டிய இன்னொரு கம்பி. தொலைந்ததை மீட்க அதை உள்ளே விட்டு, ஏணி ஆடும் அளவுக்கு அழுத்தினார். சுவருக்குள் ஏதோ மளுக்கென்று முறிந்தது. கம்பி சுலபமாக உள்ளே போயிற்று. மிகச் சுலபமாக. முழுசாகவே போய்விட்டது.

"அது என்னய்யா சத்தம்?"

"அடைப்பு விட்டுக்கொடுத்துடுச்சு சார்."

சமையலறை ஜன்னல் திறந்தது. "தம்பி, காபி போடவா? ருபார்ப் கேக்கும் இருக்கு."

"வேண்டாம்மா, வேலை நடக்குது." வெண்டல் காற்றடிக்கும் இயந்திரத்தைக் குழாய் வாயில் பொருத்தி முழு வேகத்தில் முடுக்கினார். போனது தானாக வெளியே வரும் என்பது அவர் கணக்கு.

கம்பி வரவில்லை. வீட்டுக்குள் ஒரு தும்மல் கேட்டது. மறுபடி ஜன்னலுக்கு வந்த ஆர்டிஸ் அம்மாளின் புருவம், கூந்தல், கையிலிருந்த கேக் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன.

"இது கொஞ்சம் வித்தியாசமா இருக்கு தம்பி," என்றாள்.

வேறு ஊர்க்காரர்கள் போலீஸைக் கூப்பிடும் இடத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் 'வித்தியாசமா இருக்கு' என்பார்கள். வெண்டலும் இதே ஊரில் பிறந்தவர்தான். ஆனால் ராடியின் சட்டை கண்ணுக்குள் நிற்கும்போது ஒருவருக்கு மொழி மறந்துவிடுகிறது. ஊதியது போதும், உறிஞ்சிப் பார்ப்போம் என்று பெரிய உறிஞ்சு இயந்திரத்தை வண்டியிலிருந்து இறக்கினார்.

அப்போதுதான் அற்புதம் நடந்தது. மெத்தென்ற சாம்பல் நிறப் பஞ்சுத்தூசி குபுகுபுவென்று வந்தது. ஒரு மூட்டை நிரம்பியது. இரண்டு. மூன்று. ஐந்தாவது மூட்டையில் கார்லைல் தொப்பியைக் கழற்றினார். ஏழாவதில் கம்பி, கொக்கி, பிரஷ் எல்லாமே சுகமாக வந்து சேர்ந்தன.

"வெண்டல்," என்றார் கார்லைல், "இந்தத் தொழில்ல நான் இப்படி ஒரு குழாயைப் பாத்ததே இல்லய்யா. இங்க வாங்கம்மா. ஒரு பொறி விழுந்திருந்தா வீடே போயிருக்கும். இவர் சுத்தம் மட்டும் பண்ணல, உங்க உயிரையே காப்பாத்தியிருக்கார். வேலை திருப்திதானே?"

ஆர்டிஸ் அம்மாள் மூட்டைகளைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். வெண்டலின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"இதைவிட மோசமாவும் இருந்திருக்கலாம்," என்றாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாண மேடையில்கூட யாரும் இவ்வளவு புகழமாட்டார்கள். கார்லைல் அங்கேயே, ஏணிப்படியில் வைத்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். சங்கத்தின் அடுத்த மாநாட்டில் அந்த ஏழு மூட்டைகளைப் பற்றிப் பேச வெண்டலை அழைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெண்டல் சான்றிதழைச் சட்டைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு ஏணியை மடக்கினார். அப்போது வீட்டுக்குள் பேசுவது, நடுவில் சுவரே இல்லாததுபோல் தெளிவாகக் கேட்டது. காலையிலிருந்து செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவள் கணவர், ஆரின் என்பவர், முதன்முறையாக வாய் திறந்திருந்தார்.

"ஆர்டிஸ், அந்த ஸ்வெட்டரை எடு. வீடு ஏன் இப்படிச் சில்லுனு கிடக்கு?"

"பழைய அடுப்புக் குழாய் ஓட்டை இருக்குல்ல, அது வழியா, குளிருக்கு நாம சுவத்துக்குள்ள அடைச்சிருந்த பஞ்சையெல்லாம் அந்தத் தம்பி உறிஞ்சி மூட்டை கட்டிட்டார்."

"தடுக்க வேண்டியதுதானே?"

"வேற ஹால்வர்சன் வீட்டுக்குப் போக வேண்டியவர், மூணாவது பரீட்சையாம், பாவம். நம்ம வீட்டுல டிரையரே கிடையாதுன்னு முகத்துக்கு நேரா எப்படிங்க சொல்றது?"