செக்கிங் மாதவராஜும் பாய்மரப் படகும்

"ஏன் தம்பி, இந்தப் படகை ஒரே ஆளு ஓட்டிட முடியுமா?"

வீட்டின் பின்பக்கம் துவைக்கிற கல்லருகே நின்று, போனில் படகு ஏஜெண்டிடம் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள் நிர்மலாதேவி. ஆனால் குளியலறைக்குள் தலை நிறைய ஷாம்பு நுரையோடு நின்றிருந்த அவள் கணவர் மாதவராஜின் காதில் அது தெளிவாக விழுந்துவிட்டது. குழாயை மூடினார். நுரை கண்ணில் இறங்கி எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டார்.

"தூங்கிட்டாலும் தானாப் போவுமா? அப்படியா! நல்லதாப் போச்சு. ஐயோ, இதெல்லாம் அவருகிட்ட சொல்லிடாத தம்பி."

மாதவராஜ் அரசுப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து மூன்று மாதம் முன்புதான் ஓய்வு பெற்றவர். பாலக்கோடு வழித்தடத்தில் 'செக்கிங்' என்றாலே அவர்தான். தூங்குவதுபோல் நடிக்கிற பயணியை மூச்சை வைத்தே பிடித்துவிடுவார். இப்போது பேருந்து இல்லை, வீடு மட்டும்தான் மிச்சம். பாலில் தண்ணீர், சிலிண்டரின் எடை, சாம்பாரில் பருப்பு, கோயிலுக்குப் போன நிர்மலா திரும்பிவர ஏன் இவ்வளவு நேரம் என்று எல்லாவற்றையும் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

படகு அவருடைய ஆசைதான். ஓசூர்ச் சாலையோர நிலம் நல்ல விலைக்குப் போன கையோடு, வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று பாய்மரப் படகிலேயே குடித்தனம் நடத்தி உலகம் சுற்றுகிற வீடியோவைப் பார்த்துத் தொலைத்தார். வாங்கலாமா என்று மனைவியைக் கேட்டார். தீர்த்தமலைக்குக் கூப்பிட்டாலே முழங்கால் வலி என்று தட்டிக்கழிக்கிறவள், "தாராளமாங்க!" என்றாள். அன்றைக்கே அவருக்கு ஏதோ உறுத்தியது.

இப்போது புரிந்துவிட்டது. படகு வந்ததும் அவரைக் கரையில் பையோடு நிற்க வைத்துவிட்டு, இவள் தனியாகக் கிளம்பப்போகிறாள். அவள் இல்லாத வீட்டில் அவர் யாரைப் பரிசோதிப்பார்?

சாயங்காலம் படகு ஏஜெண்ட் அருள்குமார் வந்தான். அரூர்க்காரன்தான். புதுச்சேரியில் ஒரு படகுக் கம்பெனிக்குப் படகு வாங்குகிற ஆள் பிடித்துக்கொண்டிருந்தான்.

"முப்பத்தி நாலு அடி சார். ஒரே அச்சுல நூத்துக்கணக்குல செய்யற மாடலு. அதனால எந்தத் துறைமுகத்துல ரிப்பேர் ஆனாலும் ஸ்பேர் கெடைக்கும். பாய்க் கயிறெல்லாம் உக்காந்த எடத்துக்கே வந்துடும். ஒருத்தரே..."

"வேணாம்!" என்று சீறினார் மாதவராஜ். "பஸ்ஸுன்னா டிரைவர் ஒருத்தர், கண்டக்டர் ஒருத்தர். ஒரே ஆளு ஓட்டற வண்டியில ஒழுங்கு இருக்காது. ரெண்டு பேர் இல்லாம அசையவே கூடாது. அந்த மாதிரி காட்டு."

அருள்குமார் நாற்பத்தைந்து அடிப் படகைக் காட்டினான். பாய் பெரியது, ஒரே ஆளால் சமாளிக்க முடியாது. உள்ளே மூன்று படுக்கையறை. நிர்மலாவின் முகம் வாடிப்போனது. டிக்கெட் இல்லாதவனைப் பிடித்து அபராதம் போட்ட திருப்தி மாதவராஜுக்கு.

அந்தத் திருப்தி மறுநாள் காலை வரைகூட ஒழுங்காக நிற்கவில்லை. மூன்று அறை என்கிற சேதி மாரண்டஹள்ளிக்குப் போய், நிர்மலாவின் அண்ணன் ராஜப்பன் ஒரு மூட்டை ராகி மாவோடு வந்து இறங்கினார்.

"மாப்ள, நானும் வர்றேன். தக்காளி விலை படுத்துக்கிச்சு, தோட்டத்துல வேலையில்ல. படகுல களி கிளறலாமுல்ல?"

மாதவராஜ் போன் போட்டு ஏஜெண்டைக் கேட்டார்.

"அடுப்பு ஊஞ்சலாட்டம் தொங்குமுங்க சார். படகு சாஞ்சாலும் அது நேரா நிக்கும். களி கிளறுனா என்னாவும்னு கம்பெனியில இதுவரைக்கும் யாரும் கேக்கலீங்க."

"மச்சான், கடலு உங்களுக்கு ஒத்துக்காதுங்க," என்றார் மாதவராஜ் பதமாக.

"எனக்கா? ஒகேனக்கல்ல பரிசல் தள்ளுனவன் மாப்ள நானு!"

மாதவராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணன் ஒரு ஆள், தங்கச்சி ஒரு ஆள், ஆக மொத்தம் இரண்டு பேர். பெரிய படகை வைத்துத் தானே குழி வெட்டிக்கொண்டாரே! அன்று மத்தியானமே ஒற்றை அறை போதும், முப்பத்தி நாலு அடியே இருக்கட்டும் என்று அறிவித்தார். ராஜப்பன் கோபித்துக்கொண்டு ராகி மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

அண்ணனை விரட்டியதற்கு நிர்மலா ஒரு வாரமாவது பேசாமல் இருந்திருக்க வேண்டும். அவளோ கேட்காமலே பாயசம் வைத்தாள். முந்திரி வேறு!

"இதுதாங்க சரியான படகு," என்று இரண்டாவது டம்ளரையும் நிரப்பினாள். மறுபடி வந்திருந்த அருள்குமாருக்கும் ஒரு டம்ளர் கொடுத்து, "ஒருதரம் கெளம்புனா எப்பத் தம்பி திரும்பலாம்?" என்றாள்.

"உலகம் சுத்தணும்னா ரெண்டு வருசம் ஆவுமுங்கம்மா."

"ரெண்டு வருசமா!"

கல்யாணப் புடவை எடுத்த அன்றுகூட அவள் முகம் அப்படி மலர்ந்ததில்லை. மாதவராஜ் பாயச டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பாவி, என்ன நெஞ்சழுத்தம்!

கிளம்பிய அருள்குமாரைத் தெருமுனைவரை துரத்திப் போய்ப் பிடித்தார்.

"படகு என் ஒருத்தன் பேருல மட்டும் இருக்கோணும். சாவி என் இடுப்புல. நான் ஏறாம அது கரையை விட்டு ஒரு அடி நகரக்கூடாது. இப்பவே கையெழுத்துப் போடறேன், முன்பணமும் வாங்கிக்க. அப்புறம் மாத்தறதுக்கே வழி இருக்கக்கூடாது, ஆமா!"

பைக் சீட்டிலேயே காகிதத்தை விரித்து, அழுத்தமாக ஒரு கையெழுத்துப் போட்டார். மூன்று நாளாக அடைத்துக்கொண்டிருந்த நெஞ்சு அப்பாடா என்று லேசானது.

"இனிமே அவ எப்படி என்னை விட்டுட்டுப் போறான்னு பாக்கறேன்!"

அருள்குமார் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தபடி அவரை விநோதமாகப் பார்த்தான்.

"அம்மா எங்க சார் போறாங்க? 'அவரு ஒருத்தரே ஓட்டற படகாப் பாரு தம்பி, நான் வூட்டுல கொஞ்ச நாளு நிம்மதியா இருக்கறேன்'னுதானே மொத நாள்ல இருந்து கேட்டுக்கிட்டு இருக்காங்க!"