தொப்பியில் ஒட்ட ஒரு ஸ்பினர்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. மிச்சமிருந்த ஒரே பெரிய வேலையைப் பெர்லினில் பேராசிரியர் எக்கார்ட் ஷ்டோல்ட்ஸெல் செய்து முடித்தார். வளைந்த கலப்பெண் வெளிகளில் உலவும் 'ஷ்டோல்ட்ஸெல் ஸ்பினர் களம்' அவர் தந்த கொடை. ஸ்பினர் என்பது ஒரு கணிதப் பொருள்; சாதாரண ஸ்பினரை ஒரு முழுச் சுற்று சுற்றினால், கூட்டல் கழித்தலாகக் குறி மாறி நிற்கும். இரண்டாவது சுற்றில்தான் பழைய நிலைக்கு வரும். ஷ்டோல்ட்ஸெல் களமோ அதற்கு மேலும் ஆறு நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்ட உத்தமக் களம். பதினான்கு வருடத்தில் அதன்மேல் நாற்பத்தொரு தேற்றங்கள். எல்லாமே "அப்படியொரு களம் இருக்கிறது என்று கொள்வோம்" என்று பணிவோடு தொடங்கும்.

நாற்பத்திரண்டாவது தேற்றத்தோடு முனைவர் பட்டத்துக்கு நின்றவள் ஹென்ரிகே. ஐந்து வருட உழைப்பு. வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு. புதன் மத்தியானம் பக்கத்து மேஜை உல்ஃப் அட்டையும் பசையுமாக வந்து நின்றான். பட்டம் வாங்குகிறவருக்குச் சகாக்கள் அட்டைத் தொப்பி செய்து, ஆராய்ச்சிப் பொருளின் மாதிரியை உச்சியில் ஒட்டுவது அங்கே வழக்கம்.

"ஹென்ரிகே, உன் களத்துல ஒண்ணே ஒண்ணு சொல்லு. பொடிசா இருந்தாலும் போதும், ஒட்டிடறேன்."

"இதென்ன பிரமாதம், இரு."

கணக்குப் போட்டுப் பார்த்தாள். பூஜ்யம். வேறொரு வெளியில் போட்டாள். பூஜ்யம். ஆறாவது பக்கத்தில் கணக்கு முடிந்தது. ஆறு நிபந்தனைக்கும் அடங்கி நடப்பது உலகத்திலேயே பூஜ்யம் ஒன்றுதான்!

பேராசிரியர் அறைக்கு ஓடினாள். அவர் பிளம்ஸ் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"புரொபசர், நம்ம களம் முயல்கொம்பு. அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது."

"அதனால என்ன? தேற்றத்துல தப்பு இருக்கா?"

"இல்ல. முயலுக்குக் கொம்பு முளைச்சா அது தங்கம்தான்னு சொன்ன மாதிரி, எல்லாமே சரி."

"அப்புறம் ஏன் பதறறே? நாளைக்கு வாயைத் திறக்காம இரு."

"தேர்வே வாய்மொழிதானே, புரொபசர்!"

மறுநாள் அவளால் பொய் சொல்ல முடியவில்லை. நாற்பத்திரண்டாவது தேற்றத்தை அழித்துவிட்டு, ஆறு பக்கத்தையும் பலகையில் எழுதினாள். பேச்சு முடிந்தால் அங்கே கைதட்ட மாட்டார்கள். மேஜையை விரல் முட்டியால் தட்டுவார்கள். அன்று ஒரு முட்டியும் அசையவில்லை. ஐந்து வருடம் போயிற்று என்று ஹென்ரிகேவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் டாக்மர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்கேயுமே இல்லையா?"

"எங்கேயுமே இல்லைங்க."

"அடேயப்பா! பதினாலு வருஷத்துல இந்தத் துறைலேருந்து வந்த முதல் செய்தி இதுதாம்மா."

டொக், டொக் என்று தட்டினார். அறையே தட்டியது. ஒரு முழுச் சுற்று சுற்றிய ஸ்பினராகக் குறி மாறி, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் ஷ்டோல்ட்ஸெல்.

ஹென்ரிகே தொப்பி அணிந்தாள். உச்சி மொட்டையாக இருந்தது.

"அச்சு அசல்!" என்றான் உல்ஃப்.

திங்கட்கிழமை பேராசிரியர் தமது புதிய களத்தை வெளியிட்டார். இதற்கு ஏழு நிபந்தனைகள். ஐந்து மாணவர்கள் உடனே சேர்ந்துவிட்டார்கள். அன்றே அறிவிப்புப் பலகையில் அவர் கையொப்பத்தோடு ஒரு சுற்றறிக்கையும் தொங்கியது:

"ஆராய்ச்சியின் நலன் கருதி, இனி இத்துறையில் எவரும் தொப்பி செய்யக்கூடாது."