அளவு அண்ணே செய்த துப்பாக்கிக் கட்டை

மலேசியாவின் கிள்ளான் நகரில் உயிரோடு நடமாடும் அத்தனை பேருடைய நீள அகலமும் தெரிந்த ஒரே மனிதர் அளவு அண்ணேதான். தொழில், சவப்பெட்டி செய்வது. சாப்பாட்டுக் கடையில் யாராவது நுழைந்தால் போதும், சாம்பார் ஊற்றிய சோற்றிலிருந்து தலையைத் தூக்கி, "அஞ்சு எட்டு. தோள் கொஞ்சம் அகலம்" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வார். வந்தவருக்குச் சோறு இறங்காது.

கல்யாண வரவேற்புக்குப் போனாலும் இதே கதைதான். மேடையேறி மாப்பிள்ளையின் கையைக் குலுக்கிவிட்டு, "ஆறு அடி! நம்ம ஆளுங்கள்ல அபூர்வம் லா" என்று மனதாரப் பாராட்டுவார். மாப்பிள்ளையின் அம்மா அன்றைக்கே கோயிலுக்கு ஓடுவார்.

வருடக் கடைசியில் கடைப் பெயர், போன் நம்பரோடு எல்லாருக்கும் காலண்டர் கொடுப்பார். அதைச் சுவரில் மாட்ட யாருக்கும் தைரியம் கிடையாது. சாமி படம் போட்டிருப்பதால் குப்பையில் போடவும் தைரியம் கிடையாது. கிள்ளானில் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் அடித்தட்டில் அவருடைய காலண்டர் சுருண்டு கிடக்கும். என் வீட்டிலும் கிடந்தது. இத்தனைக்கும் தினமும் சாயங்காலம் அவரோடு ஒரே மேசையில், நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ குடிக்கிறவன் நான் ஒருவன்தான்.

இந்த மனிதரிடம்தான் என் தாய்மாமனின் துப்பாக்கியைக் கொண்டுபோகும்படி ஆயிற்று.

மாமாவுக்குப் பக்கத்து ஊரான காப்பாரில், எண்ணெய் எடுக்கும் செம்பனையில் சின்னதாக ஒரு தோட்டம். காட்டுப்பன்றியை விரட்ட, அவருடைய அப்பா காலத்திலிருந்து லைசென்ஸோடு இருந்து வரும் ஒற்றைக்குழல் துப்பாக்கி. ஒருநாள் தோட்டத்து வாய்க்காலில் மாமா கால் மடங்கி விழுந்தார். தோளில் வைக்கும் மரக்கட்டை, பிடி கொஞ்சம் மெலிந்திருக்கும் இடத்தில் இரண்டாக முறிந்தது. துப்பாக்கிதான் தன்னைத் தள்ளிவிட்டது என்று மாமா சாதித்தார். ஆஸ்பத்திரியில் எடுத்த படம் வேறு கதை சொன்னது. நுரையீரலில் புற்று. இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

தோட்டத்தை ஓட்டுவது மகள் கோமதி. மாமா உயிரோடு இருக்கும்போதே அவள் பேருக்குத் துப்பாக்கியை மாற்ற மனுப் போட வேண்டும். இல்லாவிட்டால் அவருக்குப் பிறகு அது போலிஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும், திரும்பி வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. பன்றிகளோ இளங்கன்றுகளை வேரோடு தோண்டித் தின்றுகொண்டிருந்தன. கோமதி கேட்டுப் பார்த்தாள், அத்தை அழுது பார்த்தாள், நானும் சொல்லிப் பார்த்தேன்.

"நான் இருக்கிறப்ப அவளுக்கு எதுக்கு? மொதல்ல கட்டைய சரி பண்ணுங்க. பன்றிய நானே சுடுறேன்" என்றார் மாமா. அப்போது அவரால் கழிப்பறைவரைகூடத் தனியாக நடக்க முடியவில்லை.

துப்பாக்கிக் கடைக்காரர் இரும்புப் பகுதியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, இந்தப் பழைய மாடலுக்குக் கட்டை கிடைக்காது, செய்து கொண்டுவந்தால் பொருத்தித் தருகிறேன் என்றார். நாற்காலி செய்கிற தச்சர்கள் எல்லாரும் துப்பாக்கி என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கடைசியில் உடைந்த இரண்டு துண்டையும் பாசாரில் மீன் வாங்கும் பிளாஸ்டிக் பையில் போட்டு அளவு அண்ணேயிடம் நீட்டினேன்.

"செய்யலாம். ஆள் எங்க?"

"ஆள் எதுக்குண்ணே? பழைய கட்டைதான் இருக்கே, அதே அளவுல செய்ங்க."

"ஆளைப் பார்க்காம நான் எதையும் செய்யிறதில்ல. அதுலயும் உயிரோட இருக்கிற ஆளு லா! எத்தனை வருஷமாச்சு!"

மறுநாள் கடைப் பெயரைப் பெரிதாக எழுதிய அவருடைய வேன் மாமா வீட்டு வாசலில் போய் நின்றது. நான் இறங்குவதற்குள் எதிர்வீட்டு ஆன்ட்டி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஐயோ, போயிட்டீங்களா அண்ணே!"

மாமா கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "யாரும்மா போயிட்டா?"

ஆன்ட்டிக்குப் பாதி ஒப்பாரியில் வாய் அடைத்துவிட்டது. "நீங்கதானே...?"

அத்தை கரண்டியோடு என்னைத் துரத்தியதை விவரிக்க விரும்பவில்லை. கலவரம் அடங்கியதும் அளவு அண்ணே மாமாவின் கையை மடக்கி, முழங்கையிலிருந்து விரல்வரை டேப்பை வைத்தார். மறு கையால் அந்தக் கையைத் தாங்கிக்கொண்டு, "நல்லா நீளமா வை தம்பி, என் கை நீளம்" என்றார் மாமா.

அந்நேரம் கோமதி டீ கொண்டுவந்தாள். அளவு அண்ணே, "டேப் பழசும்மா, சரியா இருக்கான்னு பார்க்கணும்" என்று அவள் கையிலும் வைத்துப் பார்த்தார்.

கட்டை மெர்பாவ் மரத்தில், பெட்டிக்குப் போடும் அதே வார்னிஷோடு பளபளவென்று வந்தது. பழக்க தோஷத்தில் பக்கத்துக்கு ஒன்றாகப் பித்தளைக் கைப்பிடி வேறு வைத்திருந்தார். சண்டை போட்டுக் கழற்ற வைத்தேன்.

லைசென்ஸ்காரர் நேரில் வந்தால்தான் கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுப்பார். மாமாவை அழைத்துப்போக அளவு அண்ணே வேனைக் கொண்டுவந்தார். மாமா முன்சீட்டில் ஏறிக்கொண்டு, "பின்னால படுக்க இன்னும் நாள் இருக்கு" என்றார். கோமதி சிரிக்கவில்லை.

கடையில் மாமா துப்பாக்கியைத் தோளில் வைத்தார். நான் பின்னால் நின்று முதுகைத் தாங்கிக்கொண்டேன். மாமா துப்பாக்கியைக் கீழே இறக்கினார்.

"குட்டையா இருக்கே!"

அளவு அண்ணே கூரையைப் பார்த்தார்.

"உனக்கு அளவு தப்பாதுங்கிறாங்க. இது யாரு அளவு தம்பி?"

மாமா கொஞ்ச நேரம் கட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கோமதியிடம் நீட்டினார். "நீ வச்சுப் பாரு." அவள் வைத்தாள். கட்டை தோளில் உட்கார்ந்தது, கன்னம் மரத்தில் படிந்தது. மாமாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கக்கூட இல்லை.

"வண்டிய போலிஸ் ஸ்டேஷனுக்கு விடு" என்றார்.

"ஏண்ணே, எங்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலியே?" என்று பிறகு அளவு அண்ணேயிடம் கேட்டேன்.

"நீங்க எல்லாரும் சொல்லித்தானே பார்த்தீங்க?" என்றார்.

லைசென்ஸ் கோமதி பேருக்கு வந்த பிறகுதான் மாமா போனார். பெட்டி அளவு அண்ணேதான் கொண்டுவந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அளவு தப்பியிருந்தது. கால்மாட்டில் ஒரு முழம் காலி. அத்தை அங்கே மாமாவின் வேட்டிகளை மடித்து வைத்தாள்.

"அன்னிக்குக் கையை மட்டுந்தான் பார்த்தேன்" என்றார் அளவு அண்ணே, யாரையும் பார்க்காமல். "மத்தத பார்க்க மனசு வரல லா."

போன வாரம் டீக்கடையில் விளையாட்டாகக் கேட்டேன். "இத்தனை வருஷமா கூட உட்கார்ந்திருக்கேன். என் அளவு என்னண்ணே?"

அவர் தே தாரிக்கை வெகுநேரம் ஊதினார். "தெரியாது லா. உன்னை நான் அப்படிப் பார்த்ததே இல்ல."

வீட்டுக்கு வந்து அலமாரியின் அடித்தட்டைத் துழாவி, சுருண்டு கிடந்த காலண்டரை எடுத்து நீவி, கூடத்துச் சுவரில் மாட்டினேன்.