எல்லைக்கல் என்ஜினீயர்

எல்லைக்கல் மனிதர் என்று ஓர் இனம் உண்டு, வாசகரே. எந்த ஊரிலும் முளைக்கும். ஆனால் விக்டோரியா மகாராணி காலத்து யார்க்ஷயர் ரயில்பாதையில் கொழுத்ததுபோல் எங்கும் கொழுத்ததில்லை. அதில் முதல்தரச் சரக்கு மாவட்ட என்ஜினீயர் லெமுவல் கிராப்ட்ரி.

அவருக்கு மேலே தலைமை என்ஜினீயர். கீழே பாதை இன்ஸ்பெக்டர்கள், அவர்களுக்குக் கீழே கேங் மேஸ்திரிகள், அதற்கும் கீழே மழையில் நனைந்தபடி மண்வெட்டி பிடிக்கும் ஆட்கள். உத்தரவு மேலிருந்து இறங்கும், உழைப்பு கீழேயே கிடக்கும், பாராட்டு மட்டும் படிப்படியாக ஏறி வந்து கிராப்ட்ரியின் கோட்டுப் பையில் உட்காரும். பாதையை அவர் பார்த்தாரா? எதற்கு? பார்க்கத்தான் ஆள் போட்டிருக்கிறார்களே!

அவர் மாவட்டம் முடியும் இடத்தில், ரயில் கரைமேல் ஓர் எல்லைக்கல். அதனடியில் மழைநீர் ஓடும் மதகு அடைத்துக்கொண்டது. கரை ஊறிப்போனது.

"ஐயா, கரை பொதபொதன்னு ஆயிடுச்சு. வண்டி போறப்போ தண்டவாளமே அமுங்குது," என்றார் இன்ஸ்பெக்டர் டாப்ஸன்.

"மதகு வாய் எந்தப் பக்கம்?"

"பக்கத்து மாவட்டத்துப் பக்கம், ஐயா. அவங்க மேஸ்திரி ஹெப்டன் வந்து சேர்ந்து தோண்டலாமான்னு கேட்டாரு."

"கல்லைத் தாண்டி ஒருத்தன் இங்க மண்வெட்டி வச்சான்னா சும்மா விடமாட்டேன்னு சொல்லு. நம்ம ஆளு அங்க போனா சீட்டைக் கிழிச்சிடுவேன். அது கிடக்கட்டும், கல்லுக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சா?"

சுண்ணாம்புதான் முக்கியம். ஆண்டுக்கு ஒருமுறை தலைமை என்ஜினீயர் தனி வண்டியில் பாதை பார்க்க வருவார். அழகான மாவட்டத்துக்குப் பரிசு. இந்த முறை அந்தக் கிழவர் ஓய்வு பெறுகிறார். பரிசு வாங்குபவருக்கு அவர் நாற்காலியே கிடைக்கும் என்று பேச்சு. விடுவாரா கிராப்ட்ரி? மொத்த ஆட்களும் ஜல்லியின் ஓரத்தைக் கயிறு பிடித்து நேராக்கினார்கள், புல் பிடுங்கினார்கள், கல்லென்று கண்டதையெல்லாம் வெளுத்தார்கள். மதகு? அது அடியில் கிடக்கிறது. தனி வண்டியின் ஜன்னலுக்கு அது தெரியாது.

வண்டி வந்தது. வெள்ளைவெளேரென்ற எல்லைக்கல் தலைசாய்ந்து நிற்பதைப் பார்த்த ஓட்டுநர் பதறி நிறுத்தினார். தலைமை என்ஜினீயரோடு வந்த கிராப்ட்ரி குதித்து இறங்கினார். "ஒண்ணுமில்லீங்கய்யா! எல்லாம் பக்கத்து மாவட்டத்துக்காரங்க லட்சணம்!" என்று கரையோரம் கால் வைத்தார். கரை சரிந்தது. இடுப்புவரை சேறு.

கல்லுக்கு அப்பால், கயிறும் மண்வெட்டியுமாகத் தன் ஆட்களோடு ஹெப்டன்.

"யோவ், கயித்தைப் போடுய்யா!"

ஹெப்டன் வாயில் புகைந்துகொண்டிருந்த சுங்கானை நிதானமாக எடுத்தார். "போடலாங்கய்யா. ஆனா நீங்க கல்லுக்கு அந்தப் பக்கமில்ல முழுகுறீங்க? எங்க இன்ஸ்பெக்டரைக் கேட்டு, அவர் எங்க என்ஜினீயரைக் கேட்டு…"

சேறு மார்புக்கு வந்தது. வண்டி ஜன்னலில் தலைமை என்ஜினீயரின் முகம்.

"அந்தப் பாழாப்போன கல்லைப் பிடுங்கி எறிங்கய்யா!" என்று அலறினார் கிராப்ட்ரி.

தூக்கிப் போட்டார்கள், கல்லையும் அவரையும். நாற்காலி பக்கத்து மாவட்ட என்ஜினீயருக்குப் போனது. அவரும் அந்த மதகை ஒருநாளும் எட்டிப் பார்த்தவரல்லர். சேற்றில் விழவில்லை, அவ்வளவுதான்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆமாம், இன்று காலை வாசல் பெருக்கினீர்களே, குப்பையை எதுவரை தள்ளினீர்கள்?