மச்சானின் தூண்டிலை நான் பத்திரமாகக் கொண்டுபோன கதை

நியாயம் என் பக்கம் இல்லாதபோதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வரும். இதை என் மனைவி ஸ்டெல்லா கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். எனக்குத் தெரிய வந்தது பல வருடம் கழித்து, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், நாலு பேர் டீ குடித்தபடி வேடிக்கை பார்க்கும்போது.

அப்போது நான் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்குப் பொறுப்பாளன். பீங்கான் பொம்மை, ஊறுகாய் ஜாடி என்று எது வந்தாலும் வைக்கோல் அடைத்து, பெட்டியில் இறுக்கி, லாரியில் ஏற்றிவிடுவேன். ஆடாத பொருள் உடையாது என்பது என் வேதவாக்கு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அதைத் தினமும் சொல்வேன். (எனக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘ஆடாத சார்’.)

ஸ்டெல்லாவின் அண்ணன் சூசை கப்பல் வேலையில் இருந்தார். லீவில் வரும்போது ஒரு தூண்டில் கம்பு வாங்கி வந்திருந்தார். இரண்டாகக் கழற்றலாம், நுனி ஈர்க்குச்சி மாதிரி மெலிந்திருக்கும். கூடவே தூண்டில் நரம்பு சுற்றுகிற ரீலும் உண்டு. ரயிலிலிருந்து இறங்கியவர் அதை எங்கள் வீட்டில் வைத்துவிட்டு, நண்பரின் பைக்கில் சிதம்பரம் போய்விட்டார். வியாழக்கிழமை போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பரங்கிப்பேட்டையில் மீன் பிடிக்கப் போகிறார். செவ்வாய்க்கிழமை கப்பலுக்குத் திரும்ப வேண்டும். அதனால் நான் சனிக்கிழமையே தூண்டிலோடு வர வேண்டும்.

அதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றுமில்லை. “கம்ப ஒரு பழைய வேட்டியில சுத்தி கையிலயே புடிச்சிகிட்டு வாங்க மாப்ள. ரீல துண்டுல சுத்தி பையில போட்டுக்குங்க, போதும்” என்றார்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. எனக்கா? யாரிடம் வந்து யார் கட்டச் சொல்லித் தருவது?

அன்று சாயங்காலமே கடைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயும் இரண்டு மூடியும் வாங்கினேன். கம்பின் இரண்டு பாகத்தையும் உள்ளே விட்டு, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வைக்கோலைக் குச்சியால் குத்திக் குத்தி அடைத்தேன். ஒரு பக்கம் மூடி உட்கார்ந்தது. மறுபக்கம் கம்பின் நுனி சுண்டுவிரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குழாயை அளந்து வெட்டியது நான்தான். ஆனாலும் கோபம் கம்பின் மேல்தான் வந்தது. மூடியை வைத்து, மரக்கட்டையால் நாலு போடு போட்டேன்.

ஏதோ முறிகிற மாதிரி கேட்டதே என்று ஸ்டெல்லா சொன்னாள். வைக்கோல் அமர்கிற சத்தம் என்றேன். இருபது வருட அனுபவஸ்தனிடம் குறுக்கே பேசாதே என்றும் சொன்னேன். (அனுபவம் ஒன்பது வருடம்.) ரீலை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து, மரத்தூளால் நிரப்பி, ஆட்டி அமர்த்தி, மேலும் நிரப்பினேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் ஏறியதுமே கண்டக்டரோடு தகராறு. குழாயை சீட்டுக்கு அடியில் படுக்க வைக்கச் சொன்னார். இது எவ்வளவு நுட்பமான சாமான் தெரியுமா என்று ஆரம்பித்து, பீங்கானின் குணம் வரைக்கும் அவருக்கு வகுப்பெடுத்தேன். கடைசியில் குழாயை முழங்கால்களுக்கு நடுவே செங்குத்தாக நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் இரண்டு முறை இடித்தார். இரண்டு முறையும் திட்டினேன்.

சேத்தியாத்தோப்பில் கூட்டம் ஏறியது. கையில் பையோடு ஒரு பெரியவர் என் சீட்டருகே நின்றார். பஸ் வளைந்தபோது சட்டென்று என் குழாயைப் பிடித்துக்கொண்டார்.

“கைய எடுங்க” என்றேன்.

“வுட்டா வுழுந்துடுவேனே தம்பி.”

“வுழுங்க” என்றேன்.

முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் எழுந்து வந்து, அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்த் தன் இடத்தில் உட்கார வைத்தார். நான் சிதம்பரம் வரைக்கும் ஜன்னலையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்தார். குழாயைப் பார்த்ததும், “எதுக்கு இது?” என்றார். நான் பெருமையோடு மூடியைத் திருகி இழுத்தேன். வைக்கோல் கொட்டியது. பின்னாலேயே கம்பின் நுனிப்பாகம் இரண்டு துண்டாக வந்தது. மூன்றாவது துண்டைக் காணோம்.

ஒரு கணம்தான். கண்டக்டர் டீக்கடையில் நிற்பதைப் பார்த்துவிட்டேன். உடைந்த துண்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உன் பஸ்ஸால் வந்தது, உன் டிரைவரால் வந்தது, நீ ஏற்றிய கூட்டத்தால் வந்தது, கண்ட ஆட்களும் பிடித்துத் தொங்கினார்கள் என்று கத்தினேன். அவர் டீயைக் குடித்து முடித்தார். என் கையிலிருந்த மூடியை வாங்கி உள்ளே பார்த்தார். காணாமல் போன துண்டு அங்கேதான் சப்பையாக நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. மூடியின் மேல்பக்கம் நாலு அடி விழுந்த தடம்.

“இத எதால அடிச்சீங்க?” என்றார்.

“கட்டையால.”

“அப்ப கட்டைய போயி கேளுங்க சார்” என்று மூடியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். டீ குடித்தவர்கள் சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் அவர்களோடாவது சண்டை போட்டிருப்பேன்.

வீட்டில் மச்சான் டின்னைத் திறந்தார். ரீலை வெளியே எடுத்து ஊதினார், துடைத்தார், தட்டினார். கைப்பிடியைச் சுற்றியபோது அம்மியில் மணலை அரைக்கிற சத்தம் வந்தது. மூன்றாவது சுற்றில் நின்றேவிட்டது.

“வேட்டியில சுத்துங்கன்னுதானே மாப்ள சொன்னேன்” என்றார். ரீலைத் துண்டில் சுற்றி ஓரமாக வைத்தார். அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டித் தப்பித்திருப்பேன். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவர் யாரிடமோ நைலான் நரம்பு கடன் வாங்கி, கையாலேயே வீசி இரண்டு கெளுத்தி பிடித்தார். நான் பின்னால் குடை பிடித்து நின்றேன். மீனைக் கழற்றித் தருகிறேன் என்று கை நீட்டியபோது, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

இப்போது எங்கள் வீட்டில் எது உடைந்தாலும், யார் மேல் தப்பு என்று நான் குரலை உயர்த்தினாலும், ஒரே கேள்விதான் வரும். போன வாரம் மிக்ஸி ஜாடி விரிசல் விட்டிருந்தது. கடைக்காரனை ஒரு வழி பண்ணப் போகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். காலேஜ் படிக்கிற மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்:

“அப்பா, கட்டையா, பஸ்ஸா?”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முந்தின நாள் ஜாடியைக் கீழே போட்டது நான்தான். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.