தகரம் தட்டும் அதிகாரம்

அவிநாசிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊர் விவசாயிகள் சங்கத்தில் புரட்சி வெடித்ததற்குக் காரணம் ஒரு தகர டப்பா. விதைத்த காட்டில் மயில் இறங்கினால் பழைய தலைவர் யாரையும் கேட்காமல் தகரத்தை எடுத்துத் தட்டுவார். மயில் போய்விடும். பல வருஷமாக இப்படியே தட்டிக்கொண்டிருந்தார்.

“இது எதேச்சாதிகாரமில்லீங்களா?” என்று ஒருநாள் நஞ்சுண்டன் எழுந்து கேட்டார். அதுவரை எங்களுக்கு அப்படித் தோன்றியதே இல்லை. கேட்ட பிறகு ரத்தம் கொதித்தது. பழைய தலைவருக்கு மாலை போட்டு, காபி கொடுத்து, பதவியிலிருந்து இறக்கினோம்.

நஞ்சுண்டன் மக்கள் சபைத் தலைவரானார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்ட சுரேந்தர் செயலாளர். இனி எவரும் தனியாக முடிவெடுக்கக் கூடாது என்பது முதல் தீர்மானம். ஊரிலிருந்த தகரங்கள் அனைத்தும் சபையின் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டன.

அந்த வாரம் மழை பெய்தது. பால் சொசைட்டிக் கட்டடத்தை ஒட்டிய தன் காட்டில் பாப்பாயி நிலக்கடலை விதைத்தார். விதைக்கென்று அவரிடம் இருந்தது அவ்வளவுதான். முளைக்காவிட்டால் இந்த வருஷம் வெள்ளாமை கிடையாது. மறுநாளே மயில்கள் வந்து கிளற ஆரம்பித்தன. பாப்பாயி சொசைட்டிக்கு ஓடிவந்தார். சபை அங்கேதான் கூடும்.

“ஏனுங்க, யாராச்சும் வந்து தகரத்தைத் தட்டுங்க. மொளைக்கற வரைக்கும் காத்துக் குடுத்தாப் போதுங்க.”

“தட்டறதுன்னா சும்மாங்களா அக்கா? அது போருங்க” என்றார் நஞ்சுண்டன்.

போர்ப் பிரகடனம் ஏகமனதாக நிறைவேறியது. ஆனால் எதிரி முருகனின் வாகனமாயிற்றே. சென்னிமலைக் கோயிலுக்குப் போய், சாமி முன்னால் பூப்போட்டுப் பூவாக்குக் கேட்டுவர ஒரு தூதுக்குழு புறப்பட்டது. பொழுது சாயத் திரும்பிவந்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் அங்கே நெய்த ஒரு பெட்ஷீட் இருந்தது.

“வெலை சல்லிசுங்க. பூக் கேக்கறதுதான் மறந்துபோச்சு.”

அறிக்கை ஏற்கப்பட்டது. பெட்ஷீட் கிடைக்காதவர்களைக் கொண்டு இரண்டாவது தூதுக்குழு அமைக்கப்பட்டது.

மதன்குமார் படைத்தலைவராக நியமிக்கப்பட்டார். தகரத்தைக் கையில் வைத்திருப்பவன் நாளைக்குச் சர்வாதிகாரியாகிவிட்டால்? அதனால் தகரம் அவரிடம், தட்டும் குச்சி ஒரு கண்காணிப்பாளரிடம். கண்காணிப்பாளரைக் கண்காணிக்க இன்னொருவர். ஒவ்வொரு தட்டுக்கும் சபைக்குப் போன் போட்டு அனுமதி வாங்க வேண்டும்.

“தலைவரே, மயிலு எறங்கிப்போட்டுதுங்க. தட்டட்டுங்களா?” என்று மதன்குமார் காட்டிலிருந்து கேட்டார்.

“எந்தப் பக்கமிருந்து வந்துச்சுங்க?”

“மேக்காலேருந்துங்க.”

“மேற்குன்னா அது வேற கமிட்டிங்க” என்றார் சுரேந்தர்.

“வெதையைத் தின்னுட்டிருக்குதுங்க!”

“அவசரப்படாதீங்க. பழைய தலைவரும் இப்படித்தான் அவசரப்பட்டாரு.”

காலையில் கூடினால் சாயங்காலம் வரை விவாதம். போர்க்காலமாதலால் பொரியும் கடலையும் வந்துகொண்டே இருந்தன. தின்றது போக மிச்சத்தை ஜன்னல் வழியே வீசினோம். இரண்டொரு நாளில் மயில்களுக்கு இது தெரிந்துவிட்டது. காட்டை விட்டுவிட்டு சொசைட்டி வாசலுக்கு வந்து நின்றன.

பாப்பாயிக்குத் தாங்க முடியாத சந்தோஷம். “நீங்க கூடுனா மயிலு இங்கயே நிக்குதுங்க. மொளைக்கற வரைக்கும் எந்திரிச்சுப் போயிராதீங்க சாமி.”

சபையிடம் மக்கள் வைத்த கோரிக்கைகளிலேயே எங்களால் நிறைவேற்றக் கூடியது அது ஒன்றுதான். நஞ்சுண்டன் காதில் அது விழவில்லை. அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதிரிங்க சரணடைஞ்சுபோட்டாங்க!”

கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. சுரேந்தர் மயில்களோடு செல்பி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார். அப்போது நஞ்சுண்டன் மயில்களைப் பார்த்துக் கும்பிட்டார். “ஊட்டு வாசலுக்கு வந்தவங்களைச் சாப்பிடாம அனுப்பறதுங்களா? நம்ம பக்கம் அப்படி வழக்கமுண்டுங்களா?”

இல்லைதான். போர்க்கைதிகளுக்கு விருந்து என்று தீர்மானம் போட்டோம். கொஞ்ச நேரத்தில் பொரி தீர்ந்தது. இனி எங்கே போவது?

“பாப்பாயக்கா காட்டுல கடலை இருக்குதுங்களே” என்றார் சுரேந்தர்.

“அது வெதை கண்ணு” என்றார் நஞ்சுண்டன்.

“மயிலு எப்படியும் திங்கப்போற வெதைதானுங்க. அதுங்களாத் தின்னா சேதாரம். நாம எடுத்துக் குடுத்தா விநியோகம்.”

இதற்கு மறுப்பேது? எல்லாக் கைகளும் உயர்ந்தன. பாப்பாயி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்த நேரம், மதன்குமார் முன்னால் போக, கண்காணிப்பாளர்கள் பின்னால் வர, களைக்கொத்தோடு காட்டில் இறங்கினோம். தோண்டிய கடலையைக் கட்ட சென்னிமலை பெட்ஷீட்டுகள் விரிக்கப்பட்டன. பார் பிடித்து, வரிசை வரிசையாக ஒரு விதை விடாமல் எடுத்தோம். எந்த மயிலும் இவ்வளவு ஒழுங்காகக் கிளறியதில்லை.

“அடப் பாவிகளா! மொளை கெளம்பியிருச்சேடா!”

வரப்பில் பாப்பாயி நின்றிருந்தார். மதன்குமார் கீழே வைத்திருந்த தகரத்தைப் பாப்பாயி எடுத்து, ஒரு கல்லால் ஓங்கி ஓங்கித் தட்டினார். அழுதுகொண்டே தட்டினார். நாங்கள் ஓடினோம். நஞ்சுண்டன் செருப்பை விட்டுவிட்டே ஓடினார். சொசைட்டி வாசலில் சிந்திக்கிடந்த பொரியைப் பொறுக்கிக்கொண்டிருந்த மயில்கள் மட்டும் நகரவில்லை.

மறுநாள் அவசரக் கூட்டம். அனுமதியின்றித் தகரம் தட்டிய பாப்பாயியிடம் விளக்கம் கேட்கப்பட்டது. அவர் தகரத்தோடுதான் வந்தார்.

“என்ற காட்டைத் தோண்டறதுக்குக் கை தூக்காதவங்க ஒருத்தராச்சும் இருந்தீங்களா?”

சுரேந்தர் மினிட் புத்தகத்தைப் புரட்டினார். “ஏகமனதுங்க அக்கா.”

பாப்பாயி ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். “அப்ப கை தூக்காதது அதுங்க மட்டுந்தானுங்க.”

உடனே, மயில்களுக்குக் கை கிடையாது என்று ஒரு மறுப்புத் தீர்மானம் கொண்டுவந்து, அதையும் ஏகமனதாக நிறைவேற்றினோம்.